தானியேல் உரசிய மருந்து

விஷத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் நிம்மதியாகத் தூங்குவான். எந்த விஷம் எவ்வளவு உள்ளே போனால் ஆள் பிழைக்க மாட்டான் என்று கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த நிம்மதி கிடையாது. தானியேல் இரண்டாவது வகை. அவரைக் கோழை என்று சொன்னவர்கள் வேலூரில் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அவர் நடுங்கியதில் பாதி நடுங்கியிருந்தால் அவர்கள் பாலாற்றைத் தாண்டி ஓடியிருப்பார்கள்.

அவர் பிறந்தது ஆம்பூரில். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று கால் வெந்தவர். பிள்ளையின் காலாவது வேகாமல் இருக்கட்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிள்ளை பட்டணம் போய் ரசாயனத்தில் பி.ஏ. வாங்கி, வேலூரில் ஒரு காலேஜில் டிமான்ஸ்டிரேட்டர் ஆனார். பையன்கள் சோதனை செய்யும்போது கூடவே நின்று, கை வெந்து போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. ஆனாலும் தோலை விட்டு அவர் முழுக்க வெளியே வந்துவிடவில்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். எந்த மலைக் கடுக்காயில் துவர்ப்பு ஜாஸ்தி, எந்த மாதத்துப் பட்டையில் கம்மி என்று அளந்து பார்ப்பதுதான் காலேஜ் விட்ட பிறகு அவருடைய ஆராய்ச்சி. ஆம்பூரில் தோல் ஷாப்பு வைத்திருந்த மக்பூல் அகமது சாயபு ரயிலில் சாம்பிள் அனுப்புவார். தானியேல் அதை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, கணக்கு எழுதுவார். அந்தக் கணக்கைப் பார்த்த பட்டணத்துப் பேராசிரியர் ஒருவர், பெங்களூரில் முழுநேர ஆராய்ச்சிக்கு ஓர் இடம் காலியாகப் போகிறது, பெயரைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் வருஷம் அவர் மனைவி அமிர்தவள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தானியேலின் அம்மா பெயரையே வைத்தார்கள், பூவம்மாள் என்று. குழந்தை குப்புறப் படுக்கிறதற்கு முன்னாலேயே தாய்க்கு இருமல் வந்தது. இருமலில் ரத்தம் வந்தது. சயரோகம் என்றார்கள். மதனப்பள்ளிப் பக்கத்தில் அதற்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, போனால் வருஷக்கணக்கில் இருக்க வேண்டும், குழந்தையைக் கிட்டே விடவே கூடாது என்றார்கள்.

மாமியார் கோலாரிலிருந்து வந்தார். எட்டி நின்றே பேத்தியைப் பார்த்தார். "அந்த நோய் இந்த ரத்தத்துலயும் இருக்கும். மிஷன் அனாதை விடுதில விட்ருங்க மாப்ள. ஆம்பள கையில புள்ள வளருமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்கே கிளம்பினார். காலேஜ் பிரின்சிபாலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், என்ன, இங்கிலீஷில் சொன்னார். தானியேல் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை.

காட்பாடி ஸ்டேஷனில் வண்டி நகரும் முன் அமிர்தவள்ளி ஜன்னல் வழியாகச் சொன்னது எல்லாம் குழந்தையைப் பற்றித்தான். "சனிக்கெழம தலைக்கு ஊத்துங்க. ஊத்திட்டு உரைமருந்து குடுங்க. கடுக்காய், மாசிக்காய், வசம்பு, எல்லாத்தையும் கல்லுல ஒவ்வொரு இழுப்பு இழுத்தா போதும், ஜாஸ்தி வேணாம். உங்க நாக்குல தொட்டுப் பாத்துட்டுத்தான் புள்ள வாயில வெக்கணும். மறந்துடாதீங்க."

எல்லாவற்றையும் அப்படியே செய்தார், ஒன்றைத் தவிர. நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் அவருக்கு வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்காதே என்பதுதான் அவர் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். சொல்லிச் சொல்லி அவருக்கே அது எலும்பில் ஊறிப்போயிருந்தது. பெண்டாட்டி பேச்சா, பாடமா என்றால் பாடம் ஜெயித்தது.

மற்றபடி குறை சொல்ல முடியாது. பாலாடையில் பால் புகட்டக் கற்றுக்கொண்டார். பசி அழுகை எது, வயிற்றுவலி அழுகை எது, தூக்கத்துக்கு அழுகிற அழுகை எது என்று அவருக்குக் காது பழகிவிட்டது. குழந்தைத் துணிகளைத் தெரு விழிக்கும் முன்னே துவைத்து உள்ளேயே உலர்த்துவார், ஆண்பிள்ளை துவைக்கிறான் என்று யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. ஆனால் கோட்டுத் தோளில் பால் கக்கிய கறையை மறைக்க மறந்துபோவார். ஆசிரியர் அறையில் அவருக்கு 'ஆம்பிளை ஆயா' என்று பெயர் விழுந்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள் நாலு பிள்ளை பெற்றவர்கள்; ஒரு பிள்ளைக்கும் மூக்குத் துடைத்தது கிடையாது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது பின்வீட்டு மஹ்பூபி. அவள் புருஷன் மஹபூப் பாஷா தோல் தரகர், பொழுது விடிந்தால் ஆம்பூர், பேர்ணாம்பட்டு என்று போய்விடுவார். "இன்னா தோஸ்த், ஒன் புள்ள ஊட்டுல இருந்தா எங்க ஊட்டுக்கும் பர்கத்து, நல்லது" என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். அந்த வீடு கோஷா வீடு. வெளி ஆண்கள் பெண்களைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே மார்பளவு மண்சுவர் ஒன்று உண்டு. காலையில் தானியேல் சுவரண்டை வந்து இருமுவார். அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குழந்தையைச் சுவருக்கு மேலே நீட்டுவார். இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொள்ளும். மஹ்பூபி என்றால் அவருக்கு அந்தக் கைகளும், ஒரு குரலும்தான்.

இப்படியே மாதங்கள் ஓடின. குழந்தை தவழ ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் காலேஜுக்குச் செய்முறைப் பரீட்சை வந்தது. பரீட்சை நடத்த வந்தவர் வேறு யாருமில்லை, பெங்களூர் இடத்துக்குப் பெயர் சொல்கிறேன் என்ற அதே பேராசிரியர். சனிக்கிழமை பரீட்சை, சாயந்திரம் அவரோடு உட்கார்ந்து பேச்சு. கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டப்போகிறது என்று தானியேல் முதல்நாளே கோட்டை இஸ்திரி போட்டு வைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினார். சாம்பிராணி போட்டார். உரைகல்லை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் கடுக்காய் தேய்ந்து தேய்ந்து உள்கொட்டை தெரிந்தது. குழந்தைக்கு ராத்திரியெல்லாம் வயிற்றுப் பொருமல், கடுக்காய் இல்லாமல் மருந்து சரிவராது. கடைத்தெரு திறக்க நேரமாகும். கோட்டுப் பையில் கை விட்டார். ஆய்வுக்கூடத்து சாம்பிளில் இரண்டு காய் அங்கே கிடந்தது, மக்பூல் சாயபு அனுப்பியது, ஜவ்வாது மலைச் சரக்கு, நல்ல திரட்சி. கடுக்காய் எங்கே இருந்தாலும் கடுக்காய்தானே என்று நினைத்தார். கழுவினார். கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். பொருமல் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று இன்னொரு இழுப்பும் இழுத்தார். வெந்நீரில் குழைத்து விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினார். அது முகத்தைச் சுளித்துக்கொண்டு, அப்பாவின் விரலையே சப்பியது.

சுவருக்கு மேலே நீட்டும்போது குழந்தை லேசாகக் கண் சொருகியிருந்தது. தலைக்கு ஊற்றிய அசதி என்று நினைத்துக்கொண்டு காலேஜுக்கு ஓடினார்.

பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வாசலில் முனிரத்தினம் வந்து நின்றார். மக்பூல் சாயபு ஷாப்பில் கணக்குப் பார்க்கிறவர், சாம்பிள் மூட்டைகளைச் சுமந்துவருகிறவரும் அவரே. கையில் ஒரு புது மூட்டை. தானியேல் வெளியே வந்தார்.

"இன்னா முனிரத்தினம், இப்ப ஏன் கொண்டாந்தே? பரீட்சை நடக்குது."

"முதலாளி இப்பவே ஓடுன்னு தொரத்திட்டாரு சார். போன வாட்டி குடுத்த கடுக்காய வெச்சுக் கணக்கு எழுதிடாதீங்க. நம்ம ஆளுங்க பேஜார் புடிச்சவனுங்க. பாஷாணம் வந்த கோணில போட்டுக் கட்டிட்டானுங்க. மூட்டைய அவுத்தா அடியில வெள்ளையா மாவு ஒட்டிக்கினு கீது. அது ஒங்க கணக்குல ஏதாச்சும் கோளாறு பண்ணுமான்னு முதலாளிக்குக் கவல. அதான் வேற சரக்கு அனுப்பிச்சாரு."

தோலில் பூச்சி விழாமல் இருக்கவும், மயிர் கழற்றும் சுண்ணாம்பில் கலக்கவும் ஷாப்புகளில் வெள்ளைப் பாஷாணம் வைத்திருப்பார்கள். தானியேலுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். முனிரத்தினம் பேசிக்கொண்டே இருந்தார். தானியேல் கோட்டுப் பையைத் தடவினார், மிச்சமிருந்த காய் கையில் பட்டது.

"சார், இன்னா சார், மொகம் ஒரு மாதிரி ஆய்டுச்சு? கணக்கு எழுதிட்டீங்களா?"

கழுவினேனே என்று மனசு சொன்னது. பச்சைத் தண்ணீரில் பாஷாணம் லேசில் கரையாது என்று கரும்பலகையில் எழுதினவன் நீதானே என்று அதே மனசு திருப்பிச் சொன்னது. கடுக்காயின் மேலெல்லாம் வரிப்பள்ளம். பள்ளத்தில் மாவு தங்கும். ஒரு இழுப்புக்கு இரண்டு இழுப்பு. பெரிய ஆளுக்கே ஒரு சிட்டிகை போதும், இது பால் மறக்காத குழந்தை. படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து அவரைப் பயமுறுத்தியது. படிக்காமல் இருந்திருந்தால் பாதிப் பயத்தோடு தப்பித்திருப்பார்.

உள்ளே பையன்கள் அமிலத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். பேராசிரியர் அவரைத் தேடித் தலையைத் திருப்பினார். தானியேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படியிறங்கி ஓடினார். கோட்டுப் போட்ட ஆள் தெருவில் ஓடுவதை வேலூர் அதிகம் பார்த்ததில்லை. தலைப்பாகை எங்கேயோ விழுந்தது.

மஹபூப் பாஷா வீட்டு வாசலில் திரை தொங்கியது. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாத நேரம். அந்தத் திரையைத் தாண்டிக் காலை வைத்தால் அது பெரிய குற்றம், பாஷாவின் சிநேகம் அன்றோடு சரி. அவர் திரைக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்க, "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டார்.

"யாரு? தானியேல் அண்ணாவா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"புள்ள என்ன பண்ணுது?"

"தூங்குறா. காலைல ரெண்டு தபா வாந்தி எடுத்தா. பால வேணாம்ட்டா. அப்பறம் தூங்கிட்டா. சும்மா நல்லாத்தான் கீறா."

வாந்தி. முதலில் வாந்திதான் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அடுத்தது என்ன வரும் என்பதும் இருக்கிறது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். குழந்தைச் சத்தம் எதுவும் இல்லை.

"எழுப்பும்மா. எழுப்பிப் பாரு."

வளையல் சத்தம் கேட்டது. "பூவு, பூவு, பேட்டி" என்று தன் மகளைப் போலக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மஹ்பூபியின் குரல் வேறு மாதிரி வந்தது.

"அண்ணா, கண்ணு தெறக்க மாட்டேங்குதே. ஒடம்பெல்லாம் சில்லுன்னு கீது."

இரண்டடி தூரத்தில் தன் குழந்தை. நடுவே ஒரு துணி. அந்தத் துணியைக் கிழித்து எறிந்துவிடலாமா என்று தானியேலுக்குத் தோன்றியது. கை நீண்டும்விட்டது. அதற்குள் உள்ளேயிருந்து, "ஜட்கா கூப்புடுங்க அண்ணா, நா புர்கா போட்டுக்கினு வர்றேன். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு நீங்க உள்ள போவ முடியாது" என்று மஹ்பூபி சொன்னாள். அந்த நேரத்தில் புத்தி வேலை செய்தது அவளுக்கு மட்டும்தான். அவர் ஜட்கா பிடித்து வந்தார். புர்காவுக்குள் குழந்தையை அணைத்துக்கொண்டு அவள் ஏறினாள். திரைபோட்ட வண்டிக்குப் பின்னாலேயே அவர் ஓடினார். வண்டிக்காரன் ஏறிக்கொள்ளச் சொல்லியும் ஏறவில்லை. கோஷாப் பெண் இருக்கிற வண்டியில் எப்படி ஏறுவது என்று நினைத்தாரா, உட்கார்ந்தால் பயம் அப்படியே விழுங்கிவிடும் என்று நினைத்தாரா, அவருக்கே தெரியாது.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லாரும் பெண்கள். ஆண்களுக்குக் கேட்டோடு சரி. வேப்பமரத்தடியில் புருஷன்மார்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தானியேலும் அங்கே நின்றார். கொஞ்ச நேரத்தில் ஜெயம்மாள் என்ற நர்ஸ் வேகமாக வந்தாள்.

"கொழந்தைக்கு இன்னா குடுத்தீங்கன்னு டாக்டரம்மா கேக்குறாங்க. தாயார் எங்க?"

"தாயார் ஊர்ல இல்ல. நாந்தான் குடுத்தேன். உரைமருந்து. கடுக்காய்ல பாஷாணம் ஒட்டியிருக்கலாம்."

"நீங்களா உரசுனீங்க?" என்று அவள் கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனாலும் மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பள கையில புள்ள வளருமா என்று மாமியார் கேட்டது அவர் காதுக்குள் மறுபடி கேட்டது.

ஜெயம்மாள் உள்ளே ஓடிப் போய்த் திரும்பி வந்தாள். "வயித்தக் கழுவியாச்சு. பாஷாணத்துக்கு இரும்பு மருந்து குடுக்கணுமாம், புதுசாக் கலந்ததா இருக்கணும். கம்பவுண்டர் கேம்ப்புக்குப் போய்ட்டாங்க. நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருன்னு அந்த பாய்ம்மா சொன்னாங்க. செய்ய முடியுமான்னு அம்மா கேக்குறாங்க."

அவருக்குத் தெரியும். இரும்பு உப்புக் கரைசலில் மக்னீஷியாவைக் கரைத்து ஊற்றினால் செம்பழுப்பாகச் சேறு திரளும். அது வயிற்றிலுள்ள பாஷாணத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். வருஷா வருஷம் பையன்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறார். பையன்கள் கொட்டாவி விட்டிருக்கிறார்கள்.

மறுபடி காலேஜுக்கு ஓட்டம். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பேராசிரியர், "மிஸ்டர் தானியேல், பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது" என்று இங்கிலீஷில் சொன்னார். தானியேல் ஒரு பையன் கையிலிருந்த இரும்பு உப்புப் புட்டியைப் பிடுங்கினார். மக்னீஷியா டப்பாவைத் திறந்தபோது மூடி உருண்டு ஓடியது. அளக்கும் குவளையில் அவரால் அளவுக் கோட்டுக்குச் சரியாக ஊற்ற முடியவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுத் தப்பாதவர், பாதியை மேசையில் கொட்டினார்.

"யாருக்கு?" என்று பேராசிரியர் கேட்டார்.

"எம் மகளுக்கு."

பேராசிரியர் கிட்டே வந்தார். குவளையை அவர் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். தானியேல் ஊற்றினார். சேறு திரண்டது. புட்டிக்குத் தக்கை தேடி எடுத்துக் கொடுத்ததும் பேராசிரியர்தான். அதையும் சொல்ல வேண்டும். பிறகு அவர் எழுதியதையும் சொல்ல வேண்டும். அது பின்னால் வரும்.

புட்டியை ஜெயம்மாள் கையில் கொடுத்த பிறகு தானியேலுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மரத்தடியில் நின்றார். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான ஜெபம் ஒரு வரிகூட வரவில்லை. எந்த உப்பு தண்ணீரில் கரையும், எது கரையாது என்ற அட்டவணைதான் வந்தது. அதையே முணுமுணுத்தார். அமிர்தவள்ளிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தார். நாக்கில் தொட்டுப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பாள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? புர்காவோடு யாராவது படியில் தெரிந்தால் போதும், மஹ்பூபி வெறுங்கையோடு வருகிறாள் என்று அவருக்குத் தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கு அவருக்குப் பட்டப்பகல்கூட இருட்டாகத்தான் இருந்தது.

வெயில் சாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணியம்பாடிக் குடியானவர் ஒருவர், "ஒக்காருங்க சாமி. நின்னா மட்டும் இன்னா ஆவப்போவுது" என்றார். தானியேல் உட்காரவில்லை.

அப்போது மேல் ஜன்னலிலிருந்து ஓர் அழுகை கேட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அழுகைக்கு என்ன பஞ்சம், காலையிலிருந்து எத்தனையோ குழந்தைகள் அழுதாயிற்று. இது கரகரவென்று ஆரம்பித்து, நடுவே நின்று, மறுபடி கோபத்தோடு எழுந்தது. பசி அழுகை. பால் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிற அழுகை. தானியேல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். குடியானவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

டாக்டரம்மா மறுநாள் கேட்டுக்கே வந்து பேசினார். வெள்ளைக்காரி, தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பாஷாணம்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, பால் திரிந்திருந்தாலும் இப்படி வரும், பொருமலோடு தலைக்கு ஊற்றியதாலும் வரும் என்றார். "நீங்க கெமிஸ்ட். மிச்சக் கடுக்காய சோதிச்சா தெரிஞ்சுடும்."

தெரிந்துவிடும், அதில் சந்தேகமில்லை. துத்தநாகத்தையும் அமிலத்தையும் போட்டு, பொருளையும் அதில் சேர்த்து, வருகிற வாயுவைக் கொளுத்தினால், சுடருக்கு மேலே பிடித்த பீங்கானில் கறுப்பாகக் கறை படியும். பாஷாணம் இல்லையென்றால் படியாது. மயிரிழை அளவு இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடுகிற சோதனை. திங்கட்கிழமை பையன்கள் போன பிறகு தானியேல் அதற்கு எல்லாவற்றையும் கூட்டி வைத்தார். சுடர் நின்று எரிந்தது. வெறும் சுடரில் பீங்கான் சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் உரசிய கடுக்காய் கையில் இருந்தது. ஒரு துண்டு சீவிப் போட்டால் போதும்.

அவரால் போட முடியவில்லை.

கறை படிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். இந்தக் கை குழந்தைக்கு விஷம் கொடுத்த கை என்று தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு இந்தக் கை எப்படிப் பாலாடையைப் பிடிக்கும்? நாளைக் காலை பால் புகட்ட வீட்டில் வேறு கை இல்லை. அமிர்தவள்ளி வருகிறவரை இந்த இரண்டு கைகளும் அவருக்கு வேண்டும். உண்மை தெரிந்த கையைவிடத் தெரியாத கை மேல் என்று முடிவு செய்தார். ரசாயனம் படித்தவன் செய்கிற முடிவு இல்லைதான். சுடரை அணைத்தார். கடுக்காயை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மெழுகு வைத்து அடைத்தார்.

பெங்களூர் இடம் வேறொருவருக்குப் போயிற்று. பையன்களை அமிலத்தோடு விட்டுவிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் டிமான்ஸ்டிரேட்டர் வெளியேறினார் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அதில் பொய் இல்லை. தானியேல் கடைசிவரை டிமான்ஸ்டிரேட்டராகவே இருந்தார். கடுக்காய்க் கணக்கை மட்டும் விடாமல் எழுதினார். புதுச் சரக்கு வந்தால் மூட்டையை முதலில் தானே முற்றத்தில் வைத்துப் பிரிப்பார்.

ஒன்று மட்டும் மாறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பாலைத் தன் வாயில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு குழந்தைக்குக் கொடுத்தார். மருந்தும் அப்படித்தான், கஞ்சியும் அப்படித்தான். குழந்தை பசியில் கத்தும். அவர் நெற்றியில் வியர்வை அரும்ப, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அமிர்தவள்ளி நோய் தணிந்து திரும்பி வந்தபோது பூவம்மாள் ஓடியாடுகிற பிள்ளை. தாயைக் கண்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வந்த சனிக்கிழமை அமிர்தவள்ளி உரைகல்லை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் தானியேல் அவளை உட்காரச் சொன்னார். அத்தனையையும் சொல்லிவிட்டார், புட்டியையும் காட்டினார்.

"நீ சொன்னபடி நாக்குல வெச்சுப் பாக்கல வள்ளி. அதுதான் என்னைக் கொல்லுது."

அமிர்தவள்ளி புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "வெச்சிருந்தா ரெண்டு பேரும் படுத்திருப்பீங்க. யாரு ஓடியிருப்பா?" என்றாள். பிறகு, "சோதிக்க வேணாம். அப்பிடியே இருக்கட்டும்" என்று அதைத் தானே அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தாள்.

முதலில் ருசி பார்க்கிற பழக்கத்தை அவளாலும் மாற்ற முடியவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் மகள் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொள்வார். ஜனங்கள் சிரிப்பார்கள். பூவம்மாளுக்குப் பத்து வயதில் அது வெட்கமாக இருந்தது, பன்னிரண்டு வயதில் கோபம் வந்தது. அப்புறம் ஒருநாள் அம்மா அலமாரிப் புட்டியின் கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்வதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் பூவம்மாளுக்குப் பட்டணத்தில் பெண்கள் காலேஜில் இடம் கிடைத்தது. ரசாயனம்தான் படிப்பேன் என்று அவளே எழுதிப் போட்டிருந்தாள். தானியேல் கூடப் போனார். தகப்பன்மார்களுக்கு அன்று ஒருநாள் மட்டும் விடுதிச் சாப்பாட்டு அறையில் இடம் கொடுத்தார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சோறும் சாம்பாரும் வந்தது. தானியேல் தன் தட்டைத் தொடாமல் மகள் தட்டிலிருந்து ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார். தலை நரைத்த மனிதர் இப்படிச் செய்வதைப் பார்த்துப் பக்கத்துப் பெண் சிரிப்பை அடக்கினாள். விடுதி மேட்ரன், "ஏம்மா சாப்பிடலே, சாப்பாடு பிடிக்கலியா?" என்று கேட்டார்.

"பிடிக்குது மேடம். எங்கப்பா சொல்லட்டும்" என்றாள் பூவம்மாள்.

நாளையிலிருந்து அவள் தட்டில் யார் தொட்டுப் பார்ப்பார்கள் என்று தானியேல் நினைத்துக்கொண்டிருந்தார். பழைய நடுக்கம் அப்படியே இருந்தது, பதினேழு வருஷத்தில் ஓர் இம்மியும் குறையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றப் பெண்கள் பாதி சாப்பிட்டாயிற்று. பூவம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடட்டாப்பா?"

"கொஞ்சம் இரும்மா" என்றார் தானியேல்.

சோறு ஆறிப்போயிற்று. அவள் இருந்தாள்.